இல்லை என்றவர் தெரியலை என்றார்

எல்லாரும் எழுந்து நின்றார்கள், நானும் எழுந்தேன். எங்கள் இயக்கத்துக் கூட்டம் என்றால் முதலில் கடவுள் மறுப்பு சொல்வது வழக்கம். ஒருத்தர் மைக்கில் சொல்ல, மண்டபத்தில் இருக்கிற கறுப்புச் சட்டை எல்லாம் திருப்பிச் சொல்லும். நாற்பத்தாறு வருசமாக நானும் சொல்லி வந்தவள்தான். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கூடச் சொல்லிவிடுவேன், அவ்வளவு பழக்கம். இன்றைக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற திருமாறன், இயக்கத்துக்கு ஊர்ச் செயலாளர், நான் அழப்போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். வாங்கி ஒரு வாய் குடித்தேன். இது அழுகை இல்லை தோழர், பயம். அப்படிச் சொன்னால் அந்த மனுசன் முகம் எப்படிப் போகும். அவர் பாவம், நேற்று ராத்திரியெல்லாம் நின்று பந்தல் கட்டியவர். மேடையிலேயே மறுபடியும் உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் நாற்காலி புடவையோடு ஒட்டுகிறது. அரக்குப் புடவை. வெள்ளை கட்டக் கூடாது, பூ வைக்கணும், பொட்டை அழிக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் பத்து வருசம் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார். உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கணும், காரியம் கருமாதி எதுவும் கூடாது, படத்திறப்பு மட்டும் போதும். எல்லாம் அவர் எழுதினபடியே நடக்கிறது. படத்தைத் துணி போட்டு மூடி மேடை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். பதினாறாம் நாள் இன்றைக்கு. கேட்டால், அதெல்லாம் கணக்கில்லை அம்மா, ஞாயிற்றுக்கிழமை அமைந்தது என்கிறார் திருமாறன். அமையட்டும். சொந்தக்காரர்களுக்கு அது பதினாறு, தோழர்களுக்கு அது ஞாயிறு, வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரே மண்டபத்தில்தான்.

கையில் ஒரு தாள் இருக்கிறது. வேர்வையில் மடிப்பு நைந்துவிட்டது. படத்தைத் திறந்துவிட்டு நான் பேச வேண்டியதைத் திருமாறனே எழுதிக் கொடுத்தார், பெரிய எழுத்தாக, நான் அஞ்சாவதோடு நின்றவள் என்று தெரியும் அவருக்கு. நாலே வரி. மூன்றாவது வரிதான் தொண்டையில் நிற்கிறது. என் இணையர் தணிகாசலம் இறுதி மூச்சு வரை கடவுள் இல்லை என்ற கொள்கையில் உறுதியாக நின்றார். இதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. கை தட்டுவார்கள். வீரவணக்கம் என்பார்கள். வெஜிடபிள் பிரியாணி கொதிக்கிற வாசனை பின்னாலிருந்து வருகிறது, எல்லாரும் சாப்பிட்டுப் போவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒரு வரி என்ன கஷ்டம். ஆனால் அது பொய். அந்த மனுசர் அப்படிச் சாகவில்லை. அப்படியானால் சாமி கும்பிட்டுச் செத்தாரா என்றால் அதுவும் இல்லை. அதுவும் பொய். அந்த ரெண்டாவது பொய் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, நெற்றி நிறைய திருநீறோடு. விசாலம், என் நாத்தனார், அவருக்கு ஒரே தங்கச்சி. இந்தப் பதினாறு நாளாகத் துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் ஒரே கதைதான். எங்கண்ணன் கடைசியிலே ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுத்தான் போனாரு, வாழ்நாளெல்லாம் திட்டினாலும் அவன் விட்டுடுவானா, இழுத்துக்கிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் தூக்கினது மூக்கிலும் வாயிலும் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மூடியைப் பிடுங்க. கை ரெண்டும் ஒன்றாக மேலே வந்தது, அவ்வளவுதான். விசாலத்துக்கு அது கும்பிடு. சொல்லிப் பார்த்தேன். போ அண்ணி, நீ அந்தக் கட்சிக்காரி, ஒத்துக்குவியா என்றாள்.

அவர் போவதற்கு நாலு நாள் முன்னாடி. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விசாலமும் டீ வாங்கப் போயிருந்தாள். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்தேன், வீங்கி இருந்தது, அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். எதற்குக் கேட்டேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. தூங்கப்போகும் முன்னால் தாழ்ப்பாள் போட்டாச்சா என்று கேட்போமே, போட்டிருப்பார்கள் என்று தெரிந்தேதான் கேட்போம், அப்படிக் கேட்டேன். “ஏங்க, யாரும் இல்லைதானே?” அவர் உடனே பதில் சொல்கிற ஆள். இந்தக் கேள்விக்கு அரை நிமிசம் எடுத்துக்கொண்டதே இல்லை. மைக் வேண்டாம், கூட்டம் வேண்டாம், தெருவில் போகிற ஆளை நிறுத்தி இல்லை என்று நிரூபித்துவிட்டு அனுப்புவார். அன்றைக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ட்ரிப்ஸ் சொட்டுவதை எண்ணினேன், பதினெட்டு சொட்டு. அப்புறம் சொன்னார். “தெரியலை கமலம்.”

தெரியலை. அதென்ன பதில். ஏங்க, இப்போது கேட்கிறேன், அதென்ன பதில். இல்லை என்றால் அது கதவு. சாத்தித் தாழ்ப்பாள் போட்ட கதவு. உள்ளே நான் பத்திரமாக இருந்தேன். இருக்கு என்றிருந்தால் அதுவும் ஒரு வீடுதான், விசாலம் குடியிருக்கிற வீடு, அவள் நன்றாகத்தான் தூங்குகிறாள். நீங்கள் தெரியலை என்று சொல்லிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். இப்போது காற்றும் வருகிறது, நாயும் வருகிறது. நாற்பத்தொரு வருசம் வெளியே நின்ற ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது எம்பொண்ணு.

மைக்கில் ஒருத்தர் பேசுகிறார். மின்வாரியத்தில் அவரோடு வேலை பார்த்தவர். புயலில் சாய்ந்த கம்பத்தைப் பற்றிச் சொல்கிறார், தோழர் தணிகாசலம் ஏறினால் கயிறே வேண்டாம் என்கிறார். பொய். கயிறு இல்லாமல் அவர் ஏறினதே கிடையாது. இப்படி ஆளாளுக்குச் சின்னச் சின்னப் பொய்யாகச் சேர்த்து ஒரு ஆளைக் கட்டுகிறார்கள், செத்தவர்களுக்கு எல்லாம் இதுதான் போலிருக்கிறது. நானும் என் பங்குக்கு ஒரு வரி. என்ன குறைந்துவிடும். யாருக்குத் தெரியும். டீ வாங்கப் போனவள் வருவதற்குள் முடிந்த பேச்சு. எனக்கும் அவருக்கும்தான் தெரியும், அவர் கல்லூரியில் மேசை மேல் கிடக்கிறார், பிள்ளைகள் அறுத்துப் படிக்கிறார்கள். மூச்சு முட்டுகிறது. காற்றாடி சுற்றுகிறது, ஆனால் காற்று என் பக்கம் வரவில்லை. பாப்பாவுக்கு மூச்சு இப்படித்தான் இழுத்தது. மூன்று வயசு. மூளைக் காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஊசி போட்டார்கள், டாக்டர் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குப் போகாமல் நின்றார், குறை சொல்ல முடியாது. ரெண்டாம் நாள் நான் இவர் காலைப் பிடித்தேன். நிசமாகவே குனிந்து பிடித்தேன். ஒரே ஒரு தடவை மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போய்ட்டு வந்துடுறேன், உள்ளே கூடப் போகலை, வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன் என்றேன். என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். “அங்க யாரும் இல்லை கமலம். இல்லாத இடத்துல போய்க் கேட்டுட்டு நிக்கிற நேரத்துக்குப் பிள்ளை பக்கத்துல இரு.” இருந்தேன். பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் பொழுது சாயும்போது என் கையில்தான் போனாள்.

ஊரில் பேசினார்கள். சாமியைத் திட்டுகிறவன் வீடு, அதான் வாரிக்கொண்டு போய்விட்டாள் என்று குழாயடியில் என் காதுபடப் பேசினார்கள். நான் குடத்தை வைத்துக்கொண்டு நேராக நின்றேன். ஏன் நிற்க முடிந்தது? இவர் இல்லை என்று சொல்லியிருந்தார். யாரும் இல்லை என்றால் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் போகாததால் கோபித்துக்கொண்டு ஒருத்தி எம்பொண்ணைக் கொண்டு போகவில்லை. காய்ச்சல் வந்தது, போனாள். அவ்வளவுதான். எத்தனை ஆறுதல் அந்த ஒரு வார்த்தை. சாமி கும்பிடுகிறவர்களுக்கு அது என்னமோ வறண்ட பேச்சாகத் தெரியும். எனக்கு அதுதான் பிடிமானம். அப்புறம் எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. நான் கேட்கக்கூட இல்லை, அவர் சொன்ன இல்லையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் போனேன், சமைத்தேன், கொடி தைத்தேன், ஊர்வலத்தில் நடந்தேன். எத்தனை சத்தமாகச் சொல்கிறேனோ அத்தனைக்கு நான் குற்றவாளி இல்லை. அப்படியிருக்க, போகிற நேரத்தில் வந்து தெரியலை என்றால். அன்றைக்கே தெரியலை என்று சொல்லியிருக்கலாமே. தெரியலை கமலம், போய்த்தான் பாரேன் என்று சொல்லியிருக்கலாமே. நான் ஓடிப் போய் நின்றிருப்பேனே. போயும் செத்திருந்தால் அது வேறே. போகாமல் செத்தாள். அன்றைக்கு இல்லை என்று சொன்னபோது தெரிந்துதான் சொன்னாரா, இல்லை எனக்காகச் சொன்னாரா, இல்லை தனக்கே பயந்து சொன்னாரா. கேட்க ஆள் இல்லை. அந்த நாலு நாளில் கேட்டிருக்கலாம். கேட்கப் பயம்.

ஒன்று மட்டும் கேட்டேன். தெரியலை என்று அவர் சொன்னதுமே, என்ன செய்வதென்று தெரியாமல், “அப்ப விசாலம் கொண்டாந்த திருநீறு பையில இருக்கு, வச்சு விடவா” என்று கேட்டேன். சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினார், துப்பினார், நான் துடைத்துவிட்டேன். கமலம், நம்ம ராசு எப்படிச் செத்தான் என்றார். ராசு அவரோடு வேலை பார்த்த பையன், லைன்மேன். சப்ஸ்டேசனில் கரண்ட்டை நிறுத்தி லைன் கிளியர் கொடுத்துவிட்டார்கள் என்று கம்பத்தில் ஏறிக் கம்பியைத் தொட்டான். யாரோ ஒரு ரைஸ் மில்லில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள், அது திரும்பி லைனுக்குள் வந்துவிட்டது. கம்பியில் இருக்கிற கரண்ட்டைத் தரைக்கு இழுத்துக் காட்டிவிடுகிற எர்த் ராடை மாட்டிப் பார்த்துவிட்டுத் தொட்டிருந்தால் பிழைத்திருப்பான். அதற்கப்புறம் இவர் யார் சொன்னாலும் கேட்கமாட்டார், பெரிய இன்ஜினியரே சொன்னாலும் ராடைப் போட்டுப் பார்க்காமல் லைன் செத்திருக்கு என்று ஒத்துக்கொள்ளமாட்டார். அதை நினைவுபடுத்திவிட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். “நாப்பது அம்பது வருசமா லைன் செத்திருக்கு, செத்திருக்குன்னு கத்தியிருக்கேன். ராடு போட்டுப் பார்த்தேனா? போடலை. அந்த உசரத்துக்கு எந்தக் கம்பமும் இல்லை.” அப்ப உசிரு இருக்கா என்றேன். “அதுவும் போட்டுப் பார்க்கலையே. இருக்குன்னு சொல்றவனும் பார்க்கலை. அவன் பாட்டுக்குத் தொட்டுக் கும்புடுறான், நான் பாட்டுக்கு இல்லேங்கிறேன்.” அப்ப திருநீறு என்றேன். “வேண்டாம். தெரியாத ஒண்ணுக்கு எப்படி நெத்தியைக் குடுக்கிறது.” அதற்குள் விசாலம் டீயோடு வந்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்ன அண்ணி பேசிட்டிருந்தீங்க என்றாள். ராசுவைப் பத்தி என்றேன். பொய்யில்லை.

இதை இந்த மைக்கில் எப்படிச் சொல்வது. சொன்னால் திருமாறன் முகம் செத்துவிடும். இயக்கத்துக்காரர்களுக்குத் தெரியலை என்கிற வார்த்தை பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்ட மாதிரி. நாளைக்கே ஊரில் பேசுவார்கள், பார்த்தியா, சாகும்போது ஆட்டம் கண்டுட்டான் என்று. விசாலத்துக்குத் தெரியலை என்றால் இருக்கு என்றுதான் அர்த்தம், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறான் என்பாள். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள், நடுவில் அந்த மனுசர் சொன்ன ஒரே வார்த்தை கிழிந்து போகும். பேசாமல் இருந்துவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த வார்த்தை என்னோடேயே இருக்கும். ராத்திரி நான் தனியாக அந்த வீட்டில். எம்பொண்ணும் நானும். நீ ஏம்மா போகலை என்று கேட்டால் இத்தனை நாள் ஒரு பதில் வைத்திருந்தேன். அப்பா இல்லைன்னு சொன்னாரு என்பேன். இனிமேல் என்ன சொல்வேன்.

செங்கமலம் அம்மையார் அவர்களை அழைக்கிறோம் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். திருமாறன் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். துணியை இழுத்தேன், வழுக்கி விழுந்தது. கை தட்டினார்கள். நான் படத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை, பார்த்தால் பேச முடியாது. மைக் என் உயரத்துக்கு இல்லை, ஒருத்தர் வந்து இறக்கிக் கொடுத்தார். தாளைப் பிரித்தேன். தோழர்களே, உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம். அது முதல் வரி. ரெண்டாவது வரி இயக்கத்துக்கு நன்றி, அதுவும் படித்தேன். என் இணையர் தணிகாசலம் இறுதி மூச்சு வரை. அங்கே நின்றுவிட்டது. எழுத்து தெரிகிறது, வாய் போகவில்லை. துக்கம் தாளாமல் நிற்கிறாள் என்று எல்லாரும் அமைதியாகக் காத்திருந்தார்கள். அந்த அமைதியில் என் மூச்சு மைக்கில் கேட்டது.

“கடைசியா நான் கேட்டேன்” என்றேன். என் குரல் மண்டபத்துக் கடைசிச் சுவரில் போய்த் தட்டித் திரும்பி வந்தது. “யாரும் இல்லைதானேன்னு கேட்டேன். தெரியலைன்னு சொன்னாரு.”

முன் வரிசையில் விசாலம் சட்டென்று நிமிர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே என்கிற மாதிரி. திருநீறு வைக்கவான்னும் கேட்டேன், வேண்டாம்னுட்டாரு என்றேன். அவள் தலை இறங்கியது. இங்கே மேடையில் திருமாறன் செருமினார். அத்தோடு நான் நின்றிருக்கணும். அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது. “எம்பொண்ணுக்கு முடியாம இருந்தப்ப நான் கோயிலுக்குப் போகலை. இவரு இல்லைன்னு சொன்னாரு, நம்பிப் போகாம இருந்தேன். இப்ப இவரே தெரியலைன்னுட்டுப் போயிட்டாரு. நான் யாரைப் போய்க் கேக்குறது.” பந்தியில் இலை போடுகிறவன் கூட நின்றுவிட்டான். திருமாறன் மெல்ல மைக்கைத் தன் பக்கம் இழுத்து, அம்மையார் அவர்கள் ஆழ்ந்த துயரில் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். நல்ல மனுசர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் மேடையில் என் நாற்காலிக்குப் போகவில்லை. படியில் இறங்கினேன். கால் எங்கே போகிறதென்று பார்க்காமல் நடந்தேன், முன் வரிசையில் விசாலத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊர் முன்னாடி வைத்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய் என்று கேட்கத்தான் கேட்பாள், கேட்கட்டும். அவளோ முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாப்பா செத்தபோது இவளுக்குப் பத்தொன்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். மேடையில் திருமாறன் வேறொருத்தரைப் பேசக் கூப்பிட்டார். அந்தச் சத்தத்துக்கு அடியில், என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

“நான் போனேன் அண்ணி.”

எங்கே என்று கேட்டேன். எங்கே என்று தெரிந்தே கேட்டேன். ரெண்டாம் நாள் சீமெண்ணெய் வாங்கப் போறேன்னு போனேனே, அப்ப என்றாள். வெறும் டின்னோடு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஸ்டாக் இல்லையாம் என்றாள் அன்றைக்கு. கடைக்கே போகவில்லையாம். மாரியம்மன் கோயிலில் போய் விழுந்து கிடந்தாளாம், பிள்ளை பிழைத்தால் வருசா வருசம் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டினாளாம். நான் அவள் முகத்தையே பார்த்தேன். இவள் வருசா வருசம் பங்குனியில் தீச்சட்டி எடுக்கிறவள். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போவாள், இவர் நின்று கேலி பண்ணுவார், ஏண்டி விசாலம், கை சுட்டால் பர்னால் இருக்கு, வந்து வாங்கிக்க என்பார். அவளும் விடமாட்டாள், முதல்ல உன் வாய்க்குப் போடுண்ணே என்பாள். முதலில் நல்ல புருசன் அமையணும் என்று, அப்புறம் அவன் நல்லா இருக்கணும் என்று எடுக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

“புள்ளதான் பிழைக்கலையே. அப்புறம் எதுக்குடி எடுத்தே?”

“எடுக்காம இருக்க பயமா இருந்துச்சு” என்றாள். “அன்னிக்கு வேண்டினதுல ஏதோ குறை வச்சுட்டேன்னு தோணிக்கிட்டே இருக்கும். திருட்டுத்தனமாப் போனது தப்போ, குளிக்காமப் போனது தப்போன்னு. அண்ணன்கிட்டச் சொன்னா சிரிக்கும். உன்கிட்டச் சொன்னா, கேட்டும் குடுக்கலையான்னு நீ கேப்பே. என்ன பதில் சொல்றது.”

நாற்பத்தொரு வருசம். போகலையே என்று நான் ஒரு பக்கம் பயந்தது எனக்கே இந்தப் பதினாறு நாளில்தான் தெரிந்தது. போனவள் ஒருத்தி, என் சமையலறையில் நின்று தேங்காய் துருவிக்கொண்டு, என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டு, அத்தனை வருசமும் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அங்கே யாரும் இல்லை என்று ஆகிறதா. இருந்தும் கொடுக்கவில்லை என்று ஆகிறதா. நல்லவேளை, இதைக் கேட்க இவர் இல்லை, இருந்தால் உடனே ஒரு பதில் வைத்திருப்பார். அந்தக் கடைசி நாலு நாளைத் தவிர.

எனக்கு வேறொன்று கேட்கத் தோன்றியது. பாப்பாவுக்கு இவர் வைத்த பேர் எழிலி. இயக்கக் கூட்டத்தில் வைத்த பேர். விசாலத்துக்கு அந்தப் பேர் பிடிக்கவே இல்லை, இது என்ன பேரு, எலி மாதிரி என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அவள் பாட்டுக்கு முத்து, முத்து என்றுதான் தூக்கிக்கொண்டு திரிவாள். பாப்பாவும் ரெண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கும்.

“என்ன பேரு சொல்லி வேண்டினே?” என்று கேட்டேன்.

விசாலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திருநீறு கலைந்து கன்னத்தில் இழுபட்டது.

“முத்துன்னுதான் சொன்னேன். அப்புறம் வேற யாரோன்னு நெனச்சுக்கப்போகுதேன்னு எழிலின்னும் சொன்னேன். ரெண்டும் ஒரே புள்ளதான், எங்க அண்ணன் புள்ள, மூணு வயசு, பெரியாஸ்பத்திரியில கடைசிக் கட்டில்ல கிடக்குதுன்னு, அடையாளமெல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தேன் அண்ணி.”